நாற்பது நொடியும் ஒரு கயிறும்

செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு ரீவேல்யுவேஷன் ஃபார்ம் தேடி ஓடுறவரா நீங்க? அப்போ ஆல்பெர்டோ சாண்டோஸ் டூமோன்ட் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

1873-ல் பிரேசிலில் பிறந்தவர். அப்பா இன்ஜினியர், பெரிய காபித் தோட்ட முதலாளி. தோட்டத்து இயந்திரங்களோடு வளர்ந்த பையன் பாரீஸ் வந்து, ஹைட்ரஜன் நிரப்பிய நீளமான பலூனுக்கு அடியில் பெட்ரோல் இன்ஜினைத் தொங்கவிட்டுப் பறக்க ஆரம்பிச்சார். மேலே ஹைட்ரஜன், கீழே இன்ஜின்! நம்ம லேப் இன்சார்ஜ் பார்த்திருந்தா மயங்கியே விழுந்திருப்பார்.

1900-ல் ஆன்றி டாய்ச் என்ற எண்ணெய்த் தொழிலதிபர் ஒரு லட்சம் ஃபிராங்க் பரிசு அறிவித்தார். சான்-க்ளூ மைதானத்தில் கிளம்பி, ஈஃபில் கோபுரத்தைச் சுற்றி, அரை மணி நேரத்துக்குள் திரும்பணும். போக வர சுமார் 11 கிலோமீட்டர். 1901 ஆகஸ்ட் 8 அன்று முயற்சி செய்தபோது வாயு கசிந்து, கப்பல் ஒரு ஓட்டல் கட்டடத்தில் மோதித் தொங்கியது. தீயணைப்பு வீரர்கள்தான் அவரை மீட்டாங்க. வேற யாராவதா இருந்தா அதோட விட்டிருப்பாங்க. இவர் சில வாரங்களிலேயே அடுத்த கப்பலைக் கட்டி முடிச்சார்.

அக்டோபர் 19. சுமார் ஒன்பதே நிமிடத்தில் கோபுரத்தைச் சுற்றிட்டார். திரும்பும்போது எதிர்க்காற்று, இன்ஜின் வேற திணறுது. பாதுகாப்புக் கயிறுகூட இல்லாமல் கூடையை விட்டு வெளியே ஏறிப்போய் அதைச் சரிசெய்தார். எல்லைக்கோட்டுக்கு மேலே வந்தபோது அரை மணி முடிய இன்னும் கிட்டத்தட்ட அரை நிமிடம் பாக்கி. ஆனால் வந்த வேகத்தில் தாண்டிப்போய், வளைந்து திரும்பி, கீழே இருந்த ஆட்கள் கயிற்றைப் பிடிக்கும்போது 30 நிமிடம் 40 நொடி.

நடுவர்கள் கையை விரிச்சுட்டாங்க. கோட்டைக் கடந்தா போதாது, கயிறு தரையில் பிடிபடணும்னு கமிட்டி சமீபத்தில்தான் விதியை மாற்றியிருந்தது. விதின்னா விதிதானேன்னு நீங்க கேட்கலாம். நூறு மீட்டர் ஓட்டத்தில், ஓடி முடிச்சவர் நின்னு மூச்சு வாங்கின பிறகா வாட்சை நிறுத்துவோம்? சாண்டோஸ் டூமோன்ட் விட்டுக்கொடுக்கலை. கூடியிருந்த கூட்டமும் பத்திரிகைகளும் அவர் பக்கம் நின்றன. இரண்டு வாரம் இழுபறிக்குப் பிறகு, நவம்பர் 4 அன்று கமிட்டி ஓட்டெடுப்பில் பெரும்பான்மையோடு பரிசு அவருக்கே கிடைத்தது.

பணத்தை அவர் வெச்சுக்கலை. தன் மெக்கானிக்குகளுக்கும் பாரீஸ் ஏழைகளுக்கும் பிரிச்சுக் கொடுத்தார். அடகுக்கடையில் கிடந்த தொழிலாளிகளின் கருவிகள் அந்தப் பணத்தில் மீட்கப்பட்டன.

பறக்கும்போது பாக்கெட் வாட்சை எடுத்துப் பார்க்கவே முடியலைன்னு நண்பர் லூயி கார்ட்டியேவிடம் புலம்பினாராம். அப்படிப் பிறந்ததுதான் கார்ட்டியே கம்பெனியின் சாண்டோஸ் கைக்கடிகாரம்.

1906-ல் பாரீசில் விமானமும் பறக்கவிட்டார். பிறகு கட்டிய டெமாசெல் என்ற குட்டி விமானத்தின் வரைபடங்களை, காப்புரிமை எதுவும் கேட்காமல் எல்லாருக்கும் கொடுத்துட்டார். 1932-ல் இறந்தார். அவர் பிறந்த ஊரின் பெயரே இப்போ சாண்டோஸ் டூமோன்ட்.