இலையுதிர் பாதையில் ஒரு பெண்

ரஷிய ஓவியர் ஐசக் லெவித்தான், ஏழை யூதக் குடும்பத்தில் 1860-ம் ஆண்டு பிறந்தார். மாஸ்கோ ஓவியப் பள்ளியில் படிக்கும்போதே தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கே திண்டாட்டம்.

1879-ல் மன்னரைச் சுட்டுக் கொல்ல ஒருவன் முயன்றான். அவன் யூதன் அல்ல. ஆனாலும் யூதர்கள் மாஸ்கோவை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது! லெவித்தான் நகருக்கு வெளியே ஒரு சிற்றூருக்குப் போனார்.

அந்த ஆண்டு, 19 வயதில், அவர் தீட்டிய படம் "இலையுதிர் நாள்". இடம், மாஸ்கோவின் சொக்கோல்னிக்கி பூங்கா. வளைந்து செல்லும் நீண்ட பாதை. ஓரங்களில் பழுத்த இலைகள். இருபுறமும் இருண்டு உயர்ந்த பைன் மரங்கள். மேலே காற்று விரட்டும் மேகங்கள். கறுப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி தன்னந்தனியாக நடந்து வருகிறாள்.

ஒரு வேடிக்கை. அந்தப் பெண்ணை வரைந்தவர் லெவித்தான் அல்ல! உடன் படித்த நிக்கொலாய் செகாவ். கதாசிரியர் ஆன்டன் செகாவின் அண்ணன். படம் கிடைத்தால், அவளை விரலால் மறைத்துப் பாருங்கள். சோகம் குறையாது. மரமும் மேகமும் வெறும் பாதையுமே, விரட்டப்பட்ட இளைஞரின் மனதைச் சொல்லிவிடுகின்றன.

1880-ல் இதை 100 ரூபிளுக்கு வாங்கினார், திரெத்தியாக்கவ் என்ற செல்வர். 1892-ல் லெவித்தான் மறுபடியும் மாஸ்கோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். நண்பர்கள் முயற்சியால் திரும்பினார். 1900-ல், 39-வது வயதில் இறந்தார்.

படம் மாஸ்கோவில், திரெத்தியாக்கவ் ஓவியக்கூடத்தில் இருக்கிறது.