சுவருக்குள் மறைந்த தூண்

நைல் நதியின் கிழக்குக் கரையில், இன்று லக்சர் என அழைக்கப்படும் பண்டைய தீப்ஸ் நகரில், கர்னக் ஆலயத் தொகுதி இருக்கிறது. அங்கே ஒரே சிவப்புக் கருங்கல்லில் செதுக்கிய தூண் ஒன்று ஏறத்தாழ 30 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. அதனை நிறுத்தியவர் ஒரு பெண். அவர் பெயர் ஹட்செப்சுட்.

முதலாம் தூத்மோஸ் மன்னரின் மகளான இவர், அரச குடும்ப வழக்கப்படி தந்தைவழிச் சகோதரனான இரண்டாம் தூத்மோஸுக்கு மனைவியானார். கி.மு. 1479 அளவில் கணவர் இறந்தார். முடிக்குரிய மூன்றாம் தூத்மோஸ், மன்னரின் வேறொரு மனைவிக்குப் பிறந்த சிறு பிள்ளை. அப்பிள்ளைக்காக ஆட்சியைக் கவனித்து வந்தவர், சில ஆண்டுகளில் தாமே பிர்அவ்னாக முடிசூடிக்கொண்டார். சிற்பங்களில் ஆணுடையும் பொய்த்தாடியுமாகத் தோன்றினார். அரசன் என்றால் ஆண்தான் என்று பழகிய கண்களுக்கு வேறெப்படித்தான் தம்மைக் காட்டுவது?

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். ஐந்து கப்பல்களைப் பூந்த் நாட்டுக்கு அனுப்பி, நறும்பிசின் மரங்களை வேரோடு கூடைகளில் வைத்துக் கொண்டுவரச் செய்தார். மேற்குக் கரையில் மலையடிவாரத்தில் மூன்று அடுக்காக எழுப்பிய தம் ஆலயத்தின் சுவரில் அந்தப் பயணத்தையே சித்திரமாகச் செதுக்குவித்தார். அந்த இடத்தை இப்போது தைருல் பஹ்ரி என்கிறார்கள். கர்னக்கின் தூணுக்கான கல் அஸ்வானில் வெட்டப்பட்டு நதி வழியே வந்தது. முந்நூறு தொன்னுக்கு மேற்பட்ட எடை! வேலை ஏழே மாதங்களில் முடிந்ததென அதன் அடிப்பீடத்தில் பொறிக்கச் செய்திருக்கிறார்.

அவர் இறந்து சுமார் இருபது ஆண்டுகளின் பின், மூன்றாம் தூத்மோஸின் ஆட்சி முடியும் தறுவாயில், அவரது பெயரும் உருவமும் சுவர்களிலிருந்து கொத்தி நீக்கப்பட்டன. சிலைகள் உடைத்துக் குழிகளில் எறியப்பட்டன. பழிவாங்கல் என்று பலரும் சொல்வர். பழிக்கு இருபது ஆண்டு காத்திருப்பார்களா? தம் மகனின் முடியுரிமையை உறுதிசெய்யவே மன்னர் இவ்வாறு செய்தார் என்ற கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அபிதோஸ் ஆலயத்தில் பிற்காலத்தில் பொறித்த அரசர் வரிசையிலும் அவருக்கு இடமில்லை.

ஆனால் கொத்தியவர்கள் எழுத்தெல்லாவற்றையும் கொத்தவில்லை. பெண்பாற் சொல்லின் ஈற்றில் நாம் அரபியில் எழுதும் தா மர்பூதாவைப் போல, பழைய எகிப்திய மொழியிலும் பெண்பாலுக்குத் தகர ஈறு உண்டு. 1829இல் தைருல் பஹ்ரிக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் சம்போலியன், தாடியுள்ள அரசனைச் சுற்றிப் பெண்பாற் சொற்களைக் கண்டு திகைத்தார். அந்த ஈறுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

கர்னக்கில் அவரது தூண்களைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பி மறைத்திருந்தார்கள். அச்சுவர் மூடிய பகுதி வெயிலும் மணலும் படாமல் தப்பியது. அதன் இணைத்தூண் விழுந்துவிட்டது. உடைந்த அதன் நுனி, ஆலயக் குளத்தருகே கிடக்கிறது.