கோடார்டின் மாணவப் பருவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், 1882-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் இராபர்ட் கோடார்டு பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபொழுதே குடும்பம் பாஸ்டன் நகரின் ஒரு பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் புதிய பொறிகளில் விருப்பம் மிக்கவர். மகனுக்குத் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் வாங்கித் தந்தார். அறிவியல் இதழ் ஒன்றையும் வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் அச்சிறுவருக்கு உடல்நலம் மட்டும் வாய்க்கவில்லை. வயிற்று நோயும் மார்புச் சளியும் அவரைப் பன்முறை படுக்கையில் கிடத்தின. 1898-இல் அன்னையாருக்குக் காசநோய் கண்டமையால் குடும்பம் வூஸ்டருக்கே மீண்டது. நோயினால் படிப்புத் தடைப்பட்டது. ஒத்த வயதினர் மேல்வகுப்புகளுக்குச் சென்றுகொண்டிருக்க, இவர் வீட்டிலும் பொது நூலகத்திலும் தாமே படித்து வந்தார்.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், வீட்டின் பின்புறம் நின்ற செர்ரி மரத்தில், பட்ட கிளைகளை வெட்டுவதற்காக அவர் ஏறினார். அப்பொழுது வயது பதினேழு. செவ்வாய்க் கோளினர் பூமியின்மேல் படையெடுத்து வருவதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையை முன்னரே படித்திருந்தார். மரத்தின்மேல் இருந்து கீழே புல்வெளியை நோக்கியபொழுது, அங்கிருந்து செவ்வாய்க்கே எழுந்து செல்லவல்ல பொறி ஒன்று அவர் மனக்கண்முன் தோன்றியது. கிடைமட்ட அச்சு ஒன்றைச் சுற்றி ஓர் எடை சுழலவேண்டும். மேலே வரும்பொழுது விரைவு மிகுந்தும், கீழே செல்லும்பொழுது குறைந்தும் இருத்தல் வேண்டும். அதனால் பொறி மேலெழும் என்று கருதினார். மரத்திலிருந்து இறங்கியபொழுது தம் வாழ்வின் நோக்கத்தை அவர் கண்டுகொண்டிருந்தார். நோக்கம் சரியானதே, பொறிதான் பிழையானது.

அப்பிழையை உணர்த்துவதற்கு ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதியே அவருக்கு ஆசானாயிற்று. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது அவ்விதி. கோடார்டு அதனை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெரியார் எழுதியதாயினும் சோதித்துப் பார்த்தே ஏற்பது அவர் இயல்பு. இரப்பர்ப் பட்டைகளில் சிறு கருவிகளைத் தொங்கவிட்டும், கொட்டகையின் பின்னால் ஓடிய சிற்றோடையில் மிதவைகளை விட்டும் பார்த்தார். விதியே வென்றது. விண்ணில் செல்லும் வழி என்றேனும் கிடைக்குமாயின், கணிதமும் பௌதிகமும் கற்றவர்க்கே அது கிடைக்கும் என்று அவர் தெளிந்தார். கணிதம் அதுவரை அவருக்கு உவப்பான பாடமன்று. எனினும் அதிலேயே முதன்மை பெறுவது என உறுதிபூண்டார்.

1901-இல், பத்தொன்பது வயதை எட்டும் நிலையில், உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்தார். உடன் பயின்றோர் வயதில் இளையோர். அதற்கு அவர் நாணவில்லை. அவர்களும் அவரை எள்ளவில்லை. இருமுறை வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விண்செலவைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதி இதழொன்றுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்துவிட்டது. 1904-இல் முதல் மாணவராகத் தேறினார்.

அவ்வாண்டில்தான் மனத்தை வருத்தும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. ஐந்தாண்டுகளாக அவர் வரைந்த படங்களும் எழுதிய குறிப்புகளும் குவிந்திருந்தன. கற்ற பௌதிகத்தைக்கொண்டு அவற்றை ஆராய்ந்தார். அமைத்த மாதிரிகளுள் ஒன்றும் இயங்கவில்லை. எண்ணிய வழிகள் இயற்கை விதிகளுக்கு மாறாக இருந்தன. கல்வி கனவை வளர்க்கும் என நம்பிப் படித்தவருக்குக் கல்வியே கனவைப் பறித்துக்கொண்டதுபோல் ஆயிற்று. கைக்கு அகப்பட்ட குறிப்புகளையெல்லாம் திரட்டி, உணவறையில் இருந்த சிறு விறகடுப்பில் இட்டு எரித்துவிட்டார். எரிந்தது தாள் மட்டுமே. இரண்டு திங்களுக்குள், தம்மையும் அறியாமல் புதிய குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்!

விண்கலப் பொறியியல் என்று ஒரு பாடம் அந்நாளில் எக்கல்லூரியிலும் இல்லை. ரைட் உடன்பிறந்தார் வானவூர்தியில் முதன்முதல் பறந்ததே 1903 டிசம்பரில்தான். ஆகவே, கோடார்டு 1904-இல் வூஸ்டர் பல்தொழிற் கல்லூரியில் சேர்ந்து பௌதிகம் பயின்று, 1908-இல் பட்டம் பெற்றார். கிளார்க் பல்கலைக் கழகத்தில் 1911-இல் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார்.

1920-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று அவரை எள்ளி எழுதியது. வெற்றிடத்தில் எதிர்த்துத் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லையாதலால் இராக்கெட் அங்கே செல்லாது என்பது அதன் வாதம். சிற்றோடையின் கரையில் இளமையிலேயே ஆராய்ந்து தெளிந்த விதியை அறியாதவர் என்று அவரையே இகழ்ந்தனர்! 1926 மார்ச்சு 16-ஆம் நாள், திரவ எரிபொருளால் இயங்கும் முதல் இராக்கெட்டை ஆபர்ன் என்னும் ஊரில் அவர் ஏவினார். இரண்டரை வினாடி பறந்து, 41 அடி உயரம் எழுந்து, அது கோசுத் தோட்டத்தில் வீழ்ந்தது. 1945-இல் கோடார்டு மறைந்தார். மனிதர் நிலவை நோக்கிப் புறப்பட்ட 1969 சூலையில் அந்நாளிதழ் தன் பிழையை ஒப்புக்கொண்டது.

ஆண்டுதோறும் அக்டோபர் 19-ஆம் நாளைத் தமக்குரிய விழா நாளாகக் கோடார்டு போற்றி வந்தார். 1938-இல் வீசிய பெரும் புயலில் அந்தச் செர்ரி மரம் சாய்ந்தது. தொலைவில் நியூ மெக்சிகோவில் இராக்கெட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்த அவர், அச்செய்தி கேட்டு, இனித் தாம் தனியே பணியைத் தொடரவேண்டும் என நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.