பெயர்ப் பதிவேட்டைச் சுமந்த துறவி

துறவியாக வாழ விரும்பிய ஒருவருக்கு, நகரமொன்றின் கணக்குப் புத்தகங்களோடு வாழ நேர்ந்தது. பாப்பரசர் முதலாம் கிரகோரியின் வாழ்க்கையை இப்படிச் சுருக்கமாகச் சொல்லலாம்.

540ஆம் ஆண்டளவில் உரோமையில் செல்வந்தக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஏறத்தாழ 573இல் அந்நகரின் ஆளுநரானார். உணவு விநியோகம், பொது ஒழுங்கு, நிதி எல்லாம் அவரது பொறுப்பில் இருந்தன. சிறிது காலத்திலேயே அனைத்தையும் துறந்தார். சேலியன் குன்றிலிருந்த தன் வீட்டைப் புனித அந்திரேயா துறவு மடமாக்கினார். சிசிலியிலிருந்த குடும்பக் காணிகளில் ஆறு மடங்களை நிறுவினார். செபமும் வாசிப்புமாகக் கழிந்த அந்த நாட்களைப் பின்னர் வாழ்நாள் முழுவதும் எண்ணி ஏங்கினார்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. திருச்சபை அவரைப் பேரரசரின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளுக்குத் தூதுவராக அனுப்பியது. திரும்பி வந்து சில ஆண்டுகளில், 590இல், பாப்பரசர் இரண்டாம் பெலாஜியு கொள்ளைநோயால் இறந்தார். கிரகோரி அவருடைய இடத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டார். பதவியேற்ற முதல் மாதங்களில் அவர் எழுதிய கடிதங்களில் மகிழ்ச்சி இல்லை. இழந்த அமைதிக்கான புலம்பலே இருந்தது.

568இல் இத்தாலிக்குள் நுழைந்த லொம்பார்டியர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டிருந்தனர். இடம்பெயர்ந்த மக்கள் உரோமையில் குவிந்தனர். பேரரசர் தொலைவில் இருந்தார். மதிலைக் காத்த படையினருக்குச் சம்பளம்கூட ஒழுங்காக வரவில்லை. நிவாரணம், கைதிகளை மீட்கும் பணம், சமாதானப் பேச்சு என அரசு கைவிட்ட எல்லாமே ஆயரின் தலையில் விழுந்தன.

கிரகோரி பழைய ஆளுநரின் திறமையோடு வேலையில் இறங்கினார். உதவி பெறுவோரின் பெயர், வயது, தொழில் ஆகியன பதிவேட்டில் எழுதப்பட்டன. மாதந்தோறும் தானியம், எண்ணெய், மரக்கறி, மீன் வழங்கப்பட்டன. நடக்க முடியாத நோயாளிகளுக்குச் சமைத்த உணவு தெருத் தெருவாகக் கொண்டுசெல்லப்பட்டது. பதிவேட்டின்படி உதவி பெற்றவர்களில் 3000 பெண் துறவிகளும் இருந்தனர். சிசிலியிலிருந்த திருச்சபைக் காணிகளில் பயிரிட்ட ஏழைகளிடம் அளவுக்கு அதிகமான பாத்திரத்தால் தானியம் அளந்து வாங்கக் கூடாதென்றும் கடிதம் எழுதிக் கட்டளையிட்டார். நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டுப்போன குடும்பம் எதற்கும் அந்தக் கவனத்தின் பெறுமதி விளங்கும்.

ஒருநாள் பிச்சைக்காரர் ஒருவர் தெருவில் இறந்து கிடந்ததாகவும், அந்தச் சாவுக்குத் தன்னையே குற்றவாளியாகக் கருதிய கிரகோரி சில நாட்கள் திருப்பலி ஒப்புக்கொடுக்கவில்லை என்றும் அவரது வரலாற்றை எழுதியவர் கூறுகிறார். நிருவாகத் தவறை அவர் ஆன்மீகத் தவறாகவே பார்த்தார்.

ஆனால் இந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல. 593இல் எசேக்கியேல் நூலுக்கு மக்கள் முன் விளக்கம் சொல்லிவந்தபோது லொம்பார்டியப் படை நகரை முற்றுகையிட்டது. சிலர் கைகள் வெட்டப்பட்டுத் திரும்பினர். கழுத்தில் கயிறு கட்டி, அடிமைகளாக விற்பதற்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களை அவர் தன் கண்களாலேயே கண்டார். மறையுரையை இடையில் நிறுத்திவிட்டு, பொன் கொடுத்து நகரைக் காப்பாற்றும் வேலைக்குப் போனார். அந்த விளக்கவுரை முழுமை பெறவேயில்லை.

ஆயர்களுக்காக அவர் எழுதிய வழிகாட்டி நூலில் இந்த இழுபறிக்கு அவர் கண்ட பதில் இருக்கிறது. வெளிவேலைகளில் மூழ்கி உள்வாழ்வை இழக்கும் மேய்ப்பரையும், செபத்தைக் காரணம் காட்டி மக்களின் தேவையைப் பாராத மேய்ப்பரையும் அவர் ஒருசேரக் கண்டிக்கிறார். அயலவரின் பசி இறையழைப்புக்கு வெளியே உள்ளதல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்காக ஏக்கம் தீர்ந்துவிட்டதாக அவர் நடிக்கவுமில்லை. கடைசி ஆண்டுகளில் கீல்வாதத்தால் படுக்கையில் கிடந்தபடியே கடிதங்களைச் சொல்லி எழுதுவித்தார். அவருடைய கடிதங்களில் ஏறத்தாழ 850 இன்றும் உள்ளன.

604 மார்ச் 12இல் அவர் இறந்தார். 9ஆம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய யோவான் என்ற திருத்தொண்டர், உரோமையின் லாத்தரன் மாளிகையில் ஒரு பெரிய ஏடு அப்போதும் பேணப்பட்டதாகக் குறிப்பிட்டுள்ளார். அதில் இருந்தவை மறையுரைகள் அல்ல. கிரகோரியிடம் உதவி பெற்றவர்களின் பெயர்கள்.