பழைய வண்டியை பிரித்துப் போட்டு மெக்கானிக் ஆனவர்! 3-ம் வகுப்போடு படிப்பை விட்ட ஜி.டி.நாயுடு பஸ் அதிபர் ஆன கதை

மயிலம்,

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வாங்கின அன்னிக்கு நல்லா ஓடும். ஒரு மாசம் கழிச்சு மயிலம் மலைக்கு சாமி கும்பிட கிளம்பினால், கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் இழுக்க ஆரம்பிச்சுடும். பானெட்டை திறந்து வெச்சு முழிக்கிறதுதான் மிச்சம். மெக்கானிக் எதை மாத்தச் சொல்றாரோ அதை மாத்தணும். காசு போகும், கோளாறு போகாது.

திண்டிவனம், விழுப்புரம் ரோட்டோர ஒர்க்ஷாப்களில் தினமும் நடக்கிற கூத்து இது. ஆனால் இதே மாதிரி ஒரு பழைய வண்டியை வாங்கி, அதை ஓட்டுவதற்கு முன்னாடி நட்டு நட்டாக கழற்றிப் பார்த்து, அதிலேயே வாழ்க்கையை கண்டுபிடித்த ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் கோவை விஞ்ஞானி ஜி.டி.நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாய குடும்பம். சின்ன வயதிலேயே தாயை பறிகொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். 3-ம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு போட்டுவிட்டார்.

ஆனால் எதை பார்த்தாலும் இது எப்படி ஓடுது, உள்ளே என்ன இருக்குது என்ற கேள்வி மட்டும் அவரை விடவே இல்லை.

வெள்ளைக்காரர் வண்டி

அப்போது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிளில் வந்து போவார். 1912-ம் ஆண்டு மாடல். மாட்டு வண்டி தவிர வேறு எதையும் பார்க்காத ஊரில், மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதை பார்த்து நாயுடு மிரண்டு போனார். அப்போது அவருக்கு வயது 20 இருக்கும்.

அந்த வண்டி வழியில் நின்றுபோனபோது, துடைப்பதற்கு மண்எண்ணெய் கொண்டு வந்து கொடுத்தவர் நாயுடுதான் என்று ஒரு தகவல் சொல்வார்கள். அதிகாரி பாகங்களை துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டதாம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தக்கால இஞ்சினில் பெட்ரோல் போகிற ஜெட் என்பது ஊசி நுழைகிற அளவு ஓட்டைதான். அதில் தூசி அடைத்தால் இஞ்சினுக்கு பெட்ரோல் போகாது. வண்டி படுத்துவிடும். மண்எண்ணெயில் கழுவினால் பிசுக்கும் தூசியும் போய்விடும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களுக்கு இன்றைக்கும் இதுதான் வைத்தியம்.

சர்வர் வேலை பார்த்து சேர்த்த பணம்

அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று கோவைக்கு கிளம்பினார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். ஒவ்வொரு காசாக 400 ரூபாய் சேர்த்தார். லங்காஷயர் என்ற அந்த ரெவின்யூ அதிகாரியிடம் 300 ரூபாய்க்கு பேசி முடித்தார். அந்தக்காலத்தில் 300 ரூபாய் என்பது சாதாரண பணம் கிடையாது.

இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஊரை சுற்றி ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் நாயுடு வண்டியை அக்கு வேறு ஆணி வேறாக பிரித்து போட்டார். திரும்ப மாட்டத் தெரியாமல் போயிருந்தால் மொத்த பணமும் அம்போதான். ஆனால் பிரித்ததை மறுபடியும் பூட்டி ஓட வைத்தார்.

அந்த வண்டியில் பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ சுற்றினால்தான் பிளக்கில் தீப்பொறி வரும். பெட்ரோல் வருதா, தீப்பொறி வருதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்குதா? இந்த 3 கேள்வியை வரிசையாக பார்த்தால் பெட்ரோல் இஞ்சினில் முக்கால்வாசி கோளாறு பிடிபட்டுவிடும். வரிசையை விட்டுவிட்டு கண்டதை மாற்றினால் செலவுதான். எந்த கல்லூரியும் போகாத நாயுடு, அந்த பழைய வண்டியை வைத்தே மெக்கானிக் ஆனார்.

கையில் இருந்ததும் போச்சு

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் நல்ல காசு பார்த்தார். ஆசை யாரை விட்டது? மும்பை போய் பெரிய அளவில் பஞ்சு வியாபாரம் செய்தார். சேர்த்ததெல்லாம் கரைந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது அவருக்கு கைகொடுத்தது தெரிந்த தொழில்தான். கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை உதவி செய்ய, 1920-ம் ஆண்டு ஒரே ஒரு பஸ்சை வாங்கி பொள்ளாச்சி-பழனி இடையே ஓட்டினார். முருகன் கோவிலுக்கு போகிற கூட்டம் ஏறியது. அந்த ஒரு பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நாட்டிலேயே சிறப்பாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

காரும் செய்தார்

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டார் தயாரானது. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்எண்ணெயில் சுற்றும் மின்விசிறி என்று அவர் செய்தவை ஏராளம். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்ப கல்லூரி வர காரணமாக இருந்து, அதற்கு முதல்வராகவும் இருந்தார். ஒரு தொழிலை கற்றுக்கொள்ள 4 வருடம் எதற்கு என்று கேட்டார். அரசு கேட்கவில்லை. பதவியை தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

1952-ல் 2 பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை வெளியிட்டார். விலை வெறும் 2 ஆயிரம் ரூபாய். ஆனால் அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்றது. கொடுத்திருந்தால் நம்மூர் ஆளுங்க வாங்குகிற விலையில் ஒரு தமிழ்நாட்டு கார் அப்போதே ரோட்டுக்கு வந்திருக்கும். அது கடைசி வரை நடக்கவே இல்லை.

இன்றும் பேசும் கோவை

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தனது 80-வது வயதில் ஜி.டி.நாயுடு காலமானார். கோவை அவினாசி ரோட்டில் அவரது குடும்பத்தினர் அமைத்த பழைய கார்களின் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. அதே ரோட்டில் 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இஞ்சினை பிரித்துப் போட வேண்டியதில்லை. ஆனால் மெக்கானிக் எதை கழற்றுகிறார், எதற்காக கழற்றுகிறார் என்று பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்த தடவை நடுரோட்டில் வண்டி நின்றாலும் கையை பிசைய வேண்டியிருக்காது.