நடுநிலை நாட்டில் ஓர் அம்மையார்



சங்க மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். ஐன்ஸ்டைனைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது லைசே மைட்னர் என்னும் அம்மையாரின் வரலாறு. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் பௌதிகத்தில் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருப்பவன். என் மேசைமேல் வேலை விண்ணப்பம் ஒன்று பாதி எழுதியபடி கிடக்கிறது. படைக்கலன்கள் பற்றிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. நல்ல சம்பளம், கிடைத்தற்கரிய கருவிகள். ஊரில் தந்தையார் ஓய்வு பெறும் நாளும் நெருங்கிவிட்டது. என்னோடு விடுதி அறையில் இருக்கும் நண்பரோ, விஞ்ஞானி நடுநிலையில் நிற்பவன், அவன் கண்டதை யார் எதற்குப் பயன்படுத்தினாலும் அவனுக்கென்ன என்கிறார். இரண்டு இரவுகள் அவருடன் வாதாடினேன். அந்த வாதத்தின் நடுவேதான், நடுநிலை நாடு ஒன்றில் போர்க்காலத்தைக் கழித்த இவ்வம்மையார் என் நினைவுக்கு வந்தார்.

மைட்னர் 1878-ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தார். 1906-இல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெர்லினுக்குச் சென்றார். அங்கே ஆட்டோ ஹான் என்னும் இரசாயன அறிஞரோடு சேர்ந்து கதிரியக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பெண்கள் ஆய்வுக்கூடத்திற்குள் வருவதற்கு அந்நாளில் அங்கு அனுமதி இல்லை. கீழ்த்தளத்தில் முன்னர்த் தச்சுப் பட்டறையாக இருந்த ஓர் அறைதான் அவருக்குக் கிடைத்தது. அங்கே தொடங்கியவர் படிப்படியாக உயர்ந்தார். ஹானும் அவரும் சேர்ந்து புரோட்டாக்டினியம் என்னும் தனிமத்தைக் கண்டனர். 1926-இல் பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தது. ஜெர்மனியில் பௌதிகத்தில் அப்பதவியை எய்திய முதற் பெண்மணி அவரே.

யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் உரிமையை இழந்தார். ஆஸ்திரியக் குடியுரிமை இருந்தமையால் ஆராய்ச்சியை மட்டும் தொடர முடிந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியபோது அந்தக் காப்பும் போயிற்று. அவ்வாண்டு ஜூலையில், ஐம்பத்தொன்பதாம் வயதில், இரண்டு சிறு பெட்டிகளும் பத்து மார்க் பணமுமாக எல்லையைக் கடந்தார். ஆபத்து நேர்ந்தால் உதவட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தை அவரிடம் கொடுத்தனுப்பினார். ஹாலந்து வழியாகச் சென்று, இறுதியில் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமை அடைந்தார்.

அந்த டிசம்பரில் ஹானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் தோன்றுகிறது, இஃது எப்படி என்று அவர் கேட்டிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மையாரும் அவருடைய சகோதரியின் மகன் ஆட்டோ பிரிஷும் பனியில் உலாவச் சென்றனர். வழியில் ஒரு மரத்தடிமேல் உட்கார்ந்து, காகிதத் துண்டுகளில் கணக்குப் போட்டனர். அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. இந்த விளக்கம் 1939 பிப்ரவரியில் அச்சேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் போர் மூண்டது.

ஸ்வீடன் நடுநிலை நாடு என்று அறிவித்தது. அந்த நடுநிலை எப்படிப்பட்டது என்பதை 1943-ஆம் ஆண்டைப் பார்த்தால் அறியலாம். அண்டை நாடுகளான நார்வேயும் டென்மார்க்கும் ஜெர்மன் பிடியில் இருந்தன. ஸ்டாக்ஹோமில் குண்டு மழை இல்லை. ஆயினும் காப்பி, சர்க்கரை, ரொட்டி, இறைச்சி எல்லாம் பங்கீட்டுச் சீட்டின்படிதான். பெட்ரோல் பஞ்சத்தால் மோட்டார் வண்டிகள் விறகிலிருந்து எடுத்த வாயுவில் ஓடின. ஸ்வீடனின் இரும்புத் தாது கப்பல் கப்பலாக ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்தது. விடுமுறையில் செல்லும் ஜெர்மன் சிப்பாய்களை ஸ்வீடனின் இரயில்கள் ஏற்றிச் சென்றன. 1943 ஆகஸ்டில்தான் அது நின்றது. அதே நாடு அக்டோபர் 2-ஆம் நாள், டென்மார்க்கின் யூதர்கள் அனைவரையும் ஏற்றுக்கொள்வதாக வானொலியில் அறிவித்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் கடல் கடந்து கரை சேர்ந்தனர். தப்பி வந்திருந்த நீல்ஸ் போரும் ஸ்டாக்ஹோமில் அவர்களுக்காக வாதாடினார்.

அம்மையாரின் நிலையோ இரங்கத்தக்கது. சீக்பான் என்பவரின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் இருந்தது. உதவியாளர் இல்லை, போதிய கருவிகள் இல்லை, சம்பளமும் சொற்பம். அறுபதை அடுத்த வயதில் புதிய மொழி ஒன்றைக் கற்க வேண்டியிருந்தது. இங்கு வந்த முதல் மாதங்களில், கடைக்காரரிடம் உப்பு கேட்கவே தடுமாறிய நமக்கு அந்தத் தனிமை ஓரளவேனும் விளங்கும்.

அந்த 1943-இல்தான் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. அணுகுண்டு செய்ய அமெரிக்காவின் லாஸ் அலமாஸுக்குச் செல்லும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு அவரும் சேரலாம் என்பது அது. பிரிஷ் அங்கே சென்றார். போயிருந்தால் தோழர்கள், கருவிகள், மதிப்பு எல்லாம் கிடைத்திருக்கும். அந்தக் குண்டோ ஹிட்லரை முந்துவதற்கென்று தொடங்கப்பட்டது. ஹிட்லரிடம் அவர் இழந்தது கொஞ்சமா? இருந்தும், குண்டு செய்யும் வேலையில் தமக்குப் பங்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வெறுமையான அந்த ஆய்வறையிலேயே தங்கிவிட்டார்.

இதை ஒதுங்கிக்கொள்ளுதல் என்று என் அறை நண்பர் சொல்லக்கூடும். 1945 ஜூனில் அவர் ஹானுக்கு எழுதிய கடிதத்தை நோக்குக. நீங்கள் அனைவரும் நாஜி ஆட்சிக்கு உழைத்தீர்கள், எதிர்க்கச் சிறிதும் முயலவில்லை என்று, முப்பது ஆண்டுத் தோழரிடமே ஒளிக்காமல் கூறினார். தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1933-லேயே வெளியேறாமல் பெர்லினில் தங்கியது தமது பெருந்தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டார். பிறரை நிறுத்த தராசிலேயே தம்மையும் நிறுத்துக்கொண்டார். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு இது புதிதன்று.

1944-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அம்மையார் 1960-இல் கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்து, 1968 அக்டோபர் 27-இல் காலமானார். 109-ஆம் தனிமம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு நாடு நடுநிலை என்று அறிவிக்கலாம். தாது விற்கலாம், அகதிக்குக் கதவும் திறக்கலாம். தனி மனிதன் அவ்வாறு இரண்டையும் செய்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியுமா? படைக்கலன் செய்பவர் எல்லாரும் தீயவர் என்று நான் கூறவில்லை. பிரிஷைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. என் தந்தையாரின் கவலையும் பொய்யன்று. ஆயினும், விஞ்ஞானிக்கு அதைப்பற்றி என்ன என்னும் சொல்லை மட்டும் இனி என்னால் ஏற்க இயலாது. விண்ணப்பத்தின் மறுபாதி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்பினாலும், கிழித்தாலும், முடிவு என்னுடையது என்று சொல்லிக்கொண்டே செய்வேன்.