மணி அடித்த பின் வகுப்பில் நுழைந்த மாணவர்

அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோவைக் கலாசாலையில் படித்தபோது, அங்கிருந்த சுமார் 400 மாணவரில் பத்துப் பேர் தவிர அனைவரும் பார்ப்பனர்கள். தம் சாதியும் ஊரும் தெரிந்துவிடுமோ என அஞ்சி, அவர் எவரோடும் பழகவில்லை, விளையாடவுமில்லை. வெளியிலேயே படித்திருந்து, மணி அடித்த பின்பே வகுப்பில் நுழைவார். வகுப்பு கலைந்ததும், பிறர் எட்டாதபடி வீட்டுக்கு விரைவார். ஒரு மாணவரின் விளையாட்டைப் பறிக்க அடி விழவேண்டியதில்லை. விழுந்தால் தடுக்க எவரும் வாரார் என்ற அறிவே போதும்.

அன்று மறைத்த பெயரையே 1893இல் தம் இதழுக்குச் சூட்டினார்: பறையன். பொதுச் சாலையும் கிணறும் அனைவருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் பங்கேற்றார். 1945இல் மறைந்தார்.

சாலை திறந்தது, வகுப்பறை முழுதும் திறக்கவில்லை. 2023இல் நாங்குநேரியில், பள்ளியில் நேர்ந்த சாதியத் துன்புறுத்தலைச் சொன்ன தலித் மாணவர் வீட்டிலேயே வெட்டப்பட்டார். அதன்பின் நீதிநாயகம் சந்துரு குழு அமைக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. உடன் படிப்பவரின் மௌனத்தை எந்தப் பிரிவும் தொடுவதில்லை. சீனிவாசனின் பழைய மாவட்டத்து ராஜகுளத்திலிருந்து எழுதும் நாம் மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுவே: பக்கத்து இருக்கையில் அவமதிப்பு நிகழ்கையில், முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.